உயிர்மருத்துவ பிஎச்டி: வாய்ப்பு எட்டாத மாணவர்களை அமெரிக்காவில் தயார் செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"பிஎச்டிக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும்?"

எங்கள் லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு மாணவி, மூன்றாம் ஆண்டு முடியப்போகிற நேரத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது. செல் வளர்ப்பில் அவருக்கு அவ்வளவு சுத்தமான கை. ஒரு தடவைகூட அவருடைய தட்டில் பூஞ்சை வந்ததில்லை. வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். மருத்துவப் படிப்பு போல இதற்கும் லட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டும் என்று நினைத்து, ஆராய்ச்சிக்குப் போகும் ஆசையை ஒரு வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

அமெரிக்காவில் உயிர்மருத்துவ பிஎச்டிக்குப் பெரும்பாலும் மாணவர் பணம் கட்டுவதில்லை. கல்விக் கட்டணத்தைத் துறையோ ஆய்வு நிதியோ ஏற்றுக்கொள்ளும். மாதாமாதம் உதவித்தொகை வரும், மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் உண்டு. இது எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம். அதனாலேயே அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி, அவரை அறிவியலைவிட்டே அனுப்பியிருக்கும்.

அன்றைக்கு எனக்கு உறைத்ததுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. இந்த மாணவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. யாரும் எழுதி வைக்காத விதிகளைச் சொல்லித்தர ஆள் இல்லை, லேபில் போதுமான நேரம் செலவழிக்கப் பணம் இல்லை. இந்த இரண்டும்தான் குறை.

யாருக்காக எழுதுகிறேன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக்காக (பிஎச்டி முடித்தபின் ஆய்வுப் பயிற்சியில் இருப்பவர்), ஆய்வு விஞ்ஞானியாக, ஆசிரியராக இருக்கும் தமிழர்களுக்காக. உயிர்மருத்துவ லேப்களில் நம் ஆட்கள் நிறைய. இளநிலை மாணவர் ஒருவர் லேபில் சேர்ந்தால், பிஐ, அதாவது லேபை நடத்தும் பேராசிரியர், அவரை நேராக நம் பெஞ்சுக்குத்தான் அனுப்புவார். அன்றிலிருந்து அவருடைய உண்மையான ஆசிரியர் நீங்கள்தான். நம்மில் பலரும் வீட்டின் முதல் பட்டதாரிகள் என்பதால், வழி தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குப் புதிதாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

எந்த மாணவர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசின் அமைப்பான என்ஐஎச் (தேசிய நலவாழ்வு நிறுவனங்கள்) பல ஆண்டுகள் பயன்படுத்திய வரையறையில் கறுப்பின, லத்தீனோ, பூர்வகுடி அமெரிக்க மாணவர்களும், உடற்குறை உள்ளவர்களும், ஏழைக் குடும்பங்களிலிருந்து வருபவர்களும் அடங்குவார்கள். இவர்களுக்கென்றே மார்க், ரைஸ், பிரெப் என்ற பெயர்களில் கூட்டரசு நிதியில் பயிற்சித் திட்டங்கள் நடந்துவந்தன. 2025-இல் இந்தக் களம் பெரிதாக மாறிவிட்டது. இப்படியான பல நிதித் திட்டங்கள் புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டன. அதனால் நான் கீழே பெயர் சொல்லும் எதையும், இந்த ஆண்டு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாணவரிடம் சொல்லுங்கள். மூடிய கதவைக் காட்டினால் அடுத்த கதவைத் தட்ட அவர் தயங்குவார். திட்டங்கள் குறையக் குறைய, பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரின் பொறுப்பு கூடுகிறது.

முதல் வாரத்திலேயே பேச வேண்டியது

உயிரியல் பிடித்த மாணவரிடம் என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் டாக்டர் என்பார்கள். அவர்கள் நேரில் பார்த்த ஒரே உயிரியல் வேலை அதுதான். ஆராய்ச்சி ஒரு பிழைப்பு என்பதே தெரிந்திருக்காது. அதைத் திருத்தப் போகாதீர்கள். இன்னொரு கதவும் இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள்.

முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு தாளை எடுத்து வைத்து, இதையெல்லாம் சொல்லுங்கள். பிஎச்டி சராசரியாக ஐந்து, ஆறு வருடம். அதற்கு முன்னால் முதுநிலைப் பட்டம் தேவையில்லை, இளநிலை முடித்து நேராகப் போகலாம் (நாம் வேறு முறையில் வந்தவர்கள் என்பதால் இதில் நமக்கே குழப்பம் உண்டு, தப்பாகச் சொல்லிவிடக் கூடாது). கட்டணம் கிடையாது. 2024 நிதியாண்டில் என்ஐஎச் தன் பயிற்சி நிதியில் பிஎச்டி மாணவருக்கு நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 28,224 டாலர். பல பல்கலைக்கழகங்கள் இதற்கு மேல் தங்கள் பணத்தையும் சேர்த்துத் தருகின்றன. மருத்துவமும் ஆராய்ச்சியும் இரண்டுமே வேண்டும் என்பவருக்கு எம்டி-பிஎச்டி இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் முழு நிதியோடு. பட்டம் வாங்கியபின் பேராசிரியர் வேலை மட்டும்தான் என்பதில்லை, மருந்து நிறுவனம், அரசு ஆய்வகம், காப்புரிமை, அறிவியல் எழுத்து என்று போகலாம்.

இவ்வளவும் சொன்னபின் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று கேளுங்கள். பிள்ளை பட்டம் வாங்கியதும் சம்பாதிக்க வேண்டும் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு, இன்னும் ஆறு வருடம் படிப்பு என்பது இடியாக இறங்கும். "படிப்பு இல்லை, சம்பளத்தோடு ஆராய்ச்சி வேலை, கூடவே பட்டமும் வரும்" என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை மாணவரோடு சேர்ந்தே யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் தன் அம்மாவை லேபுக்கே கூட்டிவந்து மைக்ரோஸ்கோப்பில் செல்களைக் காட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

வகுப்பறை: தனியாகப் படிப்பதை நிறுத்துவது

1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர் ஒரு கேள்வியைத் துருவினார். நன்றாகப் படித்துவந்த கறுப்பின மாணவர்கள் முதலாண்டு கால்குலஸில் ஏன் தடுமாறுகிறார்கள்? உழைப்பு குறைவு, ஆர்வம் குறைவு என்று பலரும் காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களோடேயே சுற்றிப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன அமெரிக்க மாணவர்களோ இரவில் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டார்கள். ட்ரைஸ்மன் அதன்பின் நடத்திய குழு வகுப்புகளில் எளிய பாடம் எதுவும் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டிய, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். மதிப்பெண்கள் ஏறின.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் இதே நம்பிக்கையில் நிற்கிறது. கல்லூரி திறக்கும் முன்பே கோடைக்காலத்தில் மாணவர்களைச் சேர்த்துக் குடியிருக்க வைப்பது, குழுவாகப் படிக்க வைப்பது, சீக்கிரமே லேபில் சேர்ப்பது, பணக் கவலை இல்லாமல் பார்த்துக்கொள்வது. கோவிட் காலத்தில் மாடர்னா தடுப்பூசிக்கு வழிவகுத்த என்ஐஎச் ஆய்வில் முன்னணியில் இருந்த கிஸ்மேகியா கார்பெட் இந்தத் திட்டத்தில் படித்தவர்தான்.

உங்களால் ஒரு மேயர்ஹாஃப் திட்டத்தைத் தொடங்க முடியாது, சரி. ஆனால் ஒரு அறையை முன்பதிவு செய்ய முடியும். கரிம வேதியியல் எடுக்கும் நாலு மாணவர்களை வாரம் இரண்டு மாலை அந்த அறையில் உட்கார வைக்க முடியும். பாடத்தை நீங்கள் நடத்த வேண்டாம். பலகையில் ஒருவர் எழுத, மற்றவர்கள் கேள்வி கேட்டால் போதும்.

மதிப்பெண் பற்றி ஒன்று. நாலுக்கு மூன்று என்ற சராசரிக்குக் கீழே போனால் பல திட்டங்களில் விண்ணப்பம் படிக்கப்படுவதே கஷ்டம். ஆனால் முதலாண்டில் ஒரு பாடத்தில் சி வாங்கிய மாணவர், "நமக்கு இது சரிப்படாது" என்று துறையையே மாற்றிவிடுவதுதான் அதைவிடப் பெரிய இழப்பு. முதலாண்டில் சறுக்கி, பிறகு மதிப்பெண் ஏறியிருப்பதைத் தேர்வுக் குழுவினர் கவனித்துப் படிப்பார்கள். இதை ஆண்டின் நடுவிலேயே, மதிப்பெண் வந்த அன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம், புள்ளியியலும் ஏதாவது ஒரு கணினி மொழியும் இளநிலையிலேயே முடித்துவிடட்டும். ஆர் அல்லது பைத்தான், எதுவானாலும் சரி.

லேபுக்குள் நுழைவது

பேராசிரியருக்கு மெயில் அனுப்பி லேபில் இடம் கேட்கலாம் என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கை நடுங்கும். எழுதக் கற்றுக்கொடுங்கள். ஐந்து வரி போதும்: நான் யார், எந்த ஆண்டு, உங்கள் ஆய்வில் எந்த விஷயம் என்னை இழுத்தது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்னால் வர முடியும், எப்போது வந்து பார்க்கலாம். மூன்றாவது வரிதான் உயிர். அந்த லேபின் ஒரு பேப்பரையாவது திறந்து படித்திருந்தால்தான் அந்த வரி வரும். பத்துப் பேருக்கு எழுதினால் ஏழு பேர் பதில் போட மாட்டார்கள், அதற்கும் உன் தகுதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாவது மௌனத்திலேயே அவர் நிறுத்திவிடுவார்.

இன்னொரு வழி, பாடத்தோடு சேர்ந்த ஆய்வு. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில் 2008-இல் தொடங்கிய சீ-ஃபேஜஸ் திட்டத்தில், முதலாண்டு மாணவர்கள் மண்ணைத் தோண்டி எடுத்துவந்து, அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் பிரித்தெடுத்து, தாங்களே பெயர் வைத்து, மரபணுத் தொகுதியை அலசுகிறார்கள். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வகுப்பில் பதிவு செய்தாலே போதும். உங்கள் வளாகத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பணம். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். சம்பளம் இல்லாத லேப் அனுபவம் என்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறக்கும் கதவு. வாரம் இருபது மணி நேரம் கடையில் நின்று வாடகை கட்டும் மாணவர், அதே வாரத்தில் பத்து மணி நேரம் உங்களுக்கு இலவசமாக வர முடியாது. வந்தால் அவர் தூக்கமோ மதிப்பெண்ணோ போகும். அதனால் பிஐயிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். மாணவருக்குக் கூட்டரசின் வேலை-படிப்பு உதவி இருந்தால் சம்பளத்தில் பெரும்பகுதி அதிலிருந்து வரும், லேபுக்குச் செலவு குறைவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இளநிலை ஆய்வு அலுவலகம் என்று ஒன்று இருக்கும், அது சிறு நிதிகள் தரும். குறைந்த வருமானக் குடும்பத்து முதல் தலைமுறை மாணவர்களுக்கு மெக்நேர் திட்டம் இருக்கிறது. 1986-இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த இயற்பியல் ஆய்வாளர் ரொனால்ட் மெக்நேரின் பெயரில் நடக்கும் இது, பிஎச்டிக்குத் தயார் செய்வதையே நோக்கமாகக் கொண்டது. இவற்றையெல்லாம் தேடி விண்ணப்பிக்க வேண்டிய சுமையை மாணவர் தலையில் மட்டும் வைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தையாவது சேர்ந்து நிரப்புங்கள்.

பெஞ்சில்: கேள்வி அவருடையதாகும் வரை

வழிகாட்டியின் மிச்ச எல்லாப் பகுதிகளையும்விட இது முக்கியம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

என் முதல் மாணவரிடம் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஓட்டிய ஜெல் (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) சரியாக வரவில்லை. பட்டைகள் இழுபட்டு, படிக்கவே முடியாத நிலை. மறுநாள் பிஐயைச் சந்திக்க வேண்டியிருந்தது. அன்றிரவு நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, அழகான படம் எடுத்து, காலையில் அவரிடம் கொடுத்தேன். உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். அவர் முகம் சுருங்கியது எனக்கு அப்போது புரியவில்லை. "உன்னால் முடியாது, நகரு" என்று வாயால் சொல்லாமல் சொல்லியிருக்கிறேன். அந்த செமஸ்டரோடு அவர் லேபைவிட்டுப் போய்விட்டார்.

சில வருடம் கழித்து இன்னொரு மாணவர். டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் சோதனையை ஓட்டினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக டிஎன்ஏ எதுவும் போடாமல் வெறும் தண்ணீர் மட்டும் விட்ட கன்ட்ரோல் குழியிலும், எதுவும் வரக்கூடாத இடத்தில், பளிச்சென்று பட்டை. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறார். இந்தத் தடவை நான் பிப்பெட்டைத் தொடவில்லை. "தண்ணீர் மட்டும் விட்ட இடத்தில் டிஎன்ஏ எங்கிருந்து வந்திருக்கும்? வரக்கூடிய வழிகளையெல்லாம் எழுது" என்று மட்டும் கேட்டேன். எழுதினார்: தண்ணீர், பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), என்சைம் கலவை, பிப்பெட், தன் கையுறை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். முதல் நாள் புதுத் தண்ணீர், பட்டை போகவில்லை. இரண்டாம் நாள் புது என்சைம் கலவை, போகவில்லை. மூன்றாம் நாள் புது பிரைமர் குழாயைத் திறந்ததும் கன்ட்ரோல் குழி சுத்தமாக இருந்தது. அந்த வார லேப் கூட்டத்தில் அந்த மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பேசினார். ஒரு மூத்த ஆய்வாளர் எழுந்து, தானும் அதே பிரைமர் குழாயைத்தான் பயன்படுத்துவதாகச் சொல்லி நன்றி சொன்னார். அந்த மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்றைக்கு நான் பார்த்தேன்.

தோல்வி எல்லா மாணவருக்கும் வரும். ஆனால் "நான் இந்த இடத்துக்கு உரியவனில்லை" என்ற சந்தேகத்தோடு உள்ளே வருபவருக்கு, ஒரு கெட்டுப்போன ஜெல் அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிடும். அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பழைய நோட்டைத் திறந்து, நீங்கள் சொதப்பிய பக்கங்களைக் காட்டுங்கள். பேச்சைவிட அது நூறு மடங்கு வேலை செய்யும்.

அப்புறம், வேலையின் தன்மை. ஆறு மாதம் கழித்தும் அவர் பிளேட் ஊற்றிக்கொண்டும் பிப்பெட் முனைகளை அடுக்கிக்கொண்டும் இருந்தால், அவர் உங்களுக்கு உதவியாளர், உங்கள் மாணவர் இல்லை. சிறியதானாலும் அவருக்கென்று ஒரு கேள்வி வேண்டும். "இந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் செல் நகருமா நகராதா" அளவுக்குச் சிறியது போதும். அந்தக் கேள்விக்கான கருதுகோள் என்ன, கன்ட்ரோல் எது, எந்த முடிவு வந்தால் நம் எண்ணம் தப்பு என்று அர்த்தம், இதையெல்லாம் அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பேப்பர் படிக்கும்போது முழுதாகப் படி என்று விடாதீர்கள். ஒரு படத்தை மட்டும் எடுத்து, அச்சுகள் என்ன, எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், நீயாக இருந்தால் வேறு என்ன கன்ட்ரோல் வைத்திருப்பாய் என்று இருபது நிமிடம் பேசுங்கள். வாரம் ஒரு படம். ஒரு வருடத்தில் ஐம்பது.

பிஐ அவரை அறிந்திருப்பதும் அவசியம். இது பலர் கோட்டை விடும் இடம். பரிந்துரைக் கடிதத்துக்கு எடை வருவது பிஐயின் கையெழுத்தால். ஆனால் மாணவரின் வேலை தெரிந்தவர் நீங்கள். பிஐ அவரோடு இரண்டு வார்த்தைகூடப் பேசியிருக்காவிட்டால் அந்தக் கடிதம் சப்பென்றிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாணவர் தன் வேலையைத் தானே பிஐக்குக் காட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் கூட இருங்கள், ஆனால் பேச வேண்டியது அவர். கடிதம் எழுதும் நேரத்தில் அந்தப் பிசிஆர் கதை போன்ற சம்பவங்களை ஒரு பக்கத்தில் எழுதி பிஐயிடம் கொடுங்கள். "புத்திசாலி, கடின உழைப்பாளி" என்று எல்லாக் கடிதமும் சொல்லும். மூன்று நாளில் கலப்படத்தைத் தானே கண்டுபிடித்தார் என்பது ஒருவர் கடிதத்தில்தான் இருக்கும்.

கோடைக்காலம்

இரண்டாம் ஆண்டுக்கோ மூன்றாம் ஆண்டுக்கோ பிறகு வரும் கோடையில் வேறொரு பல்கலைக்கழகத்தில் எட்டுப் பத்து வாரம் ஆராய்ச்சி செய்வது பெரிய பலம். தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் நிதியில் இளநிலை மாணவர்களுக்காக நடக்கும் ஆர்இயு, அம்ஜென் ஸ்காலர்ஸ், லீடர்ஷிப் அலையன்ஸ், பல மருத்துவப் பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் திட்டங்கள் என்று நிறைய. உதவித்தொகை உண்டு, தங்குமிடமும் பெரும்பாலும் உண்டு. குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை கேட்பவை பல, முதலில் அதைப் பாருங்கள். கோடைக்கான விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். மே மாதம் வந்து கேட்பவருக்கு எதுவும் மிச்சமிருக்காது. நவம்பரிலேயே நினைவூட்டுங்கள்.

மாநாடுகளில் இரண்டைச் சொல்வேன். லத்தீனோ, பூர்வகுடி அமெரிக்க அறிவியலாளர்களுக்காக 1973-இல் தொடங்கிய சாக்னாஸ் (SACNAS) அமைப்பின் ஆண்டு மாநாடு, இன்னொன்று பெரும்பாலும் இளநிலை மாணவர்கள் தங்கள் ஆய்வைக் காட்டும் உயிர்மருத்துவ மாநாடான ஆப்ர்கெம்ஸ் (ABRCMS). போஸ்டர் முன்னால் நின்று தன் வேலையைப் பதினைந்து தடவை விளக்கிய மாணவருக்கு நேர்காணல் பயம் பாதி போய்விடும். அதோடு, தன்னைப் போன்ற பின்னணியிலிருந்து வந்து பேராசிரியர் ஆனவர்களை ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கில் பார்ப்பார். அதை நம்மால் லேபில் கொடுக்க முடியாது. பயணத்துக்கு நிதியுதவி இருக்கும், அதற்கும் தனிக் கடைசித் தேதி இருக்கும்.

விண்ணப்பம்

கோடையிலேயே தொடங்க வேண்டும். பெரும்பாலான திட்டங்களின் கடைசித் தேதி டிசம்பர் தொடக்கத்தில் விழும். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இயைப் பெரும்பாலான உயிர்மருத்துவத் திட்டங்கள் கைவிட்டுவிட்டன. எங்காவது கேட்டால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், தேவையில்லாமல் அதற்குப் பணம் கொட்ட வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்துக்குத் தள்ளுபடி உண்டு. மெக்நேர் மாணவர், குறைந்த வருமானக் குடும்பம், குறிப்பிட்ட மாநாட்டுக்கு வந்தவர் என்று பல காரணங்களுக்குத் தருவார்கள். ஆனால் பெரும்பாலும் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பது பிச்சை இல்லை என்று சொல்லிக்கொடுங்கள்.

எட்டிலிருந்து பத்து இடம் வரை விண்ணப்பிக்கட்டும். பெயருக்காக இல்லை, அவர் சேர்ந்து வேலை செய்ய விரும்பும் ஆய்வாளர்கள் குறைந்தது மூன்று பேராவது இருக்கும் இடங்களாகப் பார்த்து. பல இடங்களில் முதலாண்டில் இரண்டு மூன்று லேப்களில் ரொட்டேஷன் செய்துவிட்டுத்தான் (ஒவ்வொன்றிலும் சில வாரம் வேலை செய்து பார்ப்பது) வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே ஒருவரை நம்பிப் போனால், அவர் லேபில் இடமில்லாதபோது நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும்.

ஆய்வு நோக்க உரையில்தான் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு மாணவி கொண்டுவந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியல் மீது தீராத ஆர்வம்." அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் குடும்பக் கஷ்டம். செய்த ஆராய்ச்சிக்குக் கடைசியில் நாலு வரி. அவரை உட்கார வைத்து, போன மாதம் லேபில் உன்னை ஆச்சரியப்படுத்தியது என்ன என்று கேட்டேன். மருந்து கொடுத்தால் சாக வேண்டிய செல்களில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் தட்டின் ஓரத்தில் பிழைத்துக்கிடந்ததையும், அது பிழையா உண்மையா என்று மூன்று தடவை திருப்பிச் செய்து பார்த்ததையும் சொன்னார். "இதை எழுது" என்றேன். புதிய வரைவு அந்தத் தட்டின் ஓரத்திலிருந்து தொடங்கியது. குடும்பக் கதை தனியாகக் கேட்கப்படும் சொந்த உரைக்குப் போனது. அங்கேயும், பட்ட பாட்டைச் சொல்வது கட்டாயமில்லை. சொல்ல விரும்பினால் சொல்லட்டும். தன் காயத்தைக் காட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று ஒருபோதும் அவருக்குத் தோன்ற வைக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். பரிந்துரைக் கடிதத்தைப் பிறகு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும். உரிமையை விட்டுக்கொடுக்காதே என்று வளர்ந்த பிள்ளைகள் வேண்டாம் என்று குறித்துவிடுவார்கள். இங்கே விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். அப்போதுதான் கடிதத்தை நம்பிப் படிப்பார்கள்.

நேர்காணல்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை. கூப்பிட்டார்கள் என்றாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சொல்லுங்கள். கேட்கப்போவது பாடப் புத்தகத்தை இல்லை, அவருடைய சொந்த ஆய்வை. ஏன் அந்த முறை, எது கன்ட்ரோல், அடுத்து என்ன செய்வாய். இவை பெஞ்சில் நீங்கள் வாராவாரம் கேட்டவைதான். ஆனாலும் அவரை அறியாத உங்கள் நண்பர்கள் இரண்டு பேரை வைத்து ஒத்திகை நடத்துங்கள். "எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்" என்ற பதிலைப் பயமில்லாமல் சொல்லிப் பழகட்டும்.

செலவு விஷயத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. நேரில் வரச்சொல்லும் திட்டங்கள் பயணச் செலவை ஏற்கும், ஆனால் சில சமயம் முதலில் நீ கட்டு, பிறகு தருகிறோம் என்ற முறையில். கிரெடிட் கார்டு இல்லாத மாணவர் இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, நேர்காணலையே தட்டிக்கழித்துவிடுவார். டிக்கெட்டை நீங்களே எடுத்துத்தர முடியுமா என்று திட்ட அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டால் போதும், பெரும்பாலும் எடுத்துத்தருவார்கள். மெயிலை எழுதும்போது பக்கத்தில் இருங்கள்.

இடம் கிடைத்தபின் அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம். நிதியுதவியோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லத் தேவையில்லை என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குள் அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசட்டும். உதவித்தொகையில் வாடகை போக எவ்வளவு மிஞ்சும், வழிகாட்டியோடு ஒத்துப்போகாவிட்டால் லேப் மாற முடியுமா, முடிக்காமல் போனவர்கள் ஏன் போனார்கள். கடைசிக் கேள்விக்கு எப்படிப் பதில் வருகிறது என்பதைக் கூர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு கிடைக்காவிட்டால்

லேப் அனுபவம் தாமதமாகத் தொடங்கியவர், மதிப்பெண் தாமதமாக ஏறியவர், இன்னும் மனம் தயாராகாதவர், இவர்களுக்குப் பட்டத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் முழுநேர ஆராய்ச்சி நல்ல வழி. என்ஐஎச் வளாகத்திலேயே இளநிலை முடித்தவர்களுக்கான போஸ்ட்பேக் ஆய்வு வேலைகள் இருந்துவந்திருக்கின்றன, பல்கலைக்கழக லேப்களில் டெக்னீஷியன் வேலைகளும் உண்டு. இரண்டிலும் சம்பளம் வரும். இந்த வழியில் போய்ச் சேர்ந்தவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். முதலாண்டு பிஎச்டியில் அவர்கள் கை மற்றவர்களைவிட உறுதியாக இருக்கிறது.

சேரும் மாதம்

சேர்க்கைக் கடிதத்தோடு நம் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். வேறு ஊருக்குக் குடிபோக வேண்டும். வீட்டுக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் ஆகஸ்டிலேயே கேட்பார்கள், முதல் உதவித்தொகை பல இடங்களில் செப்டம்பர் கடைசியில்தான் கையில் வரும். நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களுக்கு வீட்டில் கேட்க முடியாதவர் என்ன செய்வார்? இடமாற்றத்துக்கு உதவியோ முன்தொகையோ தரும் திட்டங்கள் உண்டு. மே மாதத்திலேயே கேட்டு வைக்க வேண்டும். கோடையில் ஆரம்பிக்கும் ரொட்டேஷன் இருக்கிறதா என்றும் கேட்கலாம், இருந்தால் உதவித்தொகையும் முன்னதாகவே ஆரம்பித்துவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மாணவி அப்படித்தான் ஜூலையிலேயே போய்ச் சேர்ந்தார். அக்டோபரில் நான் கூப்பிட்டபோது இரண்டாவது லேபில் இருந்தார். அங்கே தண்ணீர் கன்ட்ரோலில் பட்டை வந்திருப்பதாகவும், காரணங்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.